கார்க்காரர் சண்டைக்கு வந்தபோது நான் பேசாமல் நின்றது கோழைத்தனமா?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வருடமாக வேலைக்குச் சைக்கிளில் போய் வருகிறீர்கள். போன வாரம் ஒரு கார் உங்கள் முழங்கையை உரசுகிற மாதிரி கடந்து போயிருக்கிறது. பதறிப்போய்க் கத்தியிருக்கிறீர்கள். அடுத்த சிக்னலில் அந்தக் காருக்குப் பக்கத்திலேயே போய் நின்றிருக்கிறீர்கள். டிரைவர் இறங்கி வந்து, வாய்க்கு வந்தபடி திட்டி, உங்கள் ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். நீங்கள் ஒன்றும் பேசவில்லை. பச்சை விழுந்ததும் அவர் போய்விட்டார். "அடுத்த தடவை இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வரியில், "அன்றிலிருந்து தூக்கம் சரியாக வரவில்லை, பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பேசாமல் நின்றது கோழைத்தனமா? இல்லை. அந்த இடத்தில் செய்யக்கூடியதில் மிகச் சரியானதைச் செய்திருக்கிறீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன், அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் எதை மாற்றியிருக்கலாம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியவர்களுக்குப் போக்குவரத்துக்கு நடுவே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். அதற்கு முன்பு ஆறு வருடம் சரக்கு வேன் ஓட்டினேன். அதனால் கண்ணாடிக்கு உள்ளே இருந்தும் வெளியே இருந்தும் இந்தச் சண்டையைப் பார்த்தவன். நான் வழக்கறிஞர் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், சட்ட விஷயங்களில் உங்கள் ஊர் விதியைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் நான் செய்து பார்த்தது, என்னிடம் படித்தவர்கள் வந்து சொன்னது, கொஞ்சம் வாசித்தது.

முதலில் ஒரு விஷயம். காருக்குள் இருப்பவருக்கு உங்கள் வார்த்தை கேட்பதே இல்லை. வேன் ஓட்டிய காலத்தில்தான் இது எனக்குப் புரிந்தது. கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ஏதாவது பாட்டு போகும். வெளியே ஒருவர் "பார்த்துப் போங்க, இடிச்சிடுவீங்க" என்று உயிர் போகிற பயத்தில் கத்தினாலும், உள்ளே இருப்பவருக்குத் தெரிவது விரிந்த வாயும் ஆட்டுகிற கையும்தான். அந்தப் பயம் அவரிடம் போய்ச் சேருவதில்லை, கோபமாகத்தான் சேர்கிறது. இவன் ஏன் என்னைத் திட்டுகிறான் என்று அவருக்கும் ரத்தம் ஏறுகிறது. தான் உரசுகிற மாதிரி போனது பல டிரைவர்களுக்குத் தெரிந்திருக்கவே இருக்காது. உங்களுக்குச் சண்டை அந்த உரசலில் தொடங்குகிறது. அவருக்கு உங்கள் கத்தலில் தொடங்குகிறது. சிக்னலில் சந்திக்கும்போது, மற்றவர்தான் முதலில் ஆரம்பித்தார் என்று இருவருமே உளமார நம்புகிறீர்கள்.

வண்டிக்குள் இருக்கும்போது மனிதர்கள் ஏன் மாறிப்போகிறார்கள் என்பதைப் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1995-ல் வெளியான ஓர் ஆய்வில், மேற்கூரையைத் திறந்து மூடக்கூடிய வண்டிகளை ஓட்டியவர்களைக் கவனித்தார்கள். கூரையை மூடிக்கொண்டிருந்தவர்கள், திறந்துவைத்திருந்தவர்களைவிடச் சீக்கிரமாகவும் அதிக நேரமும் ஹாரன் அடித்தார்கள். தன் முகம் வெளியே தெரியாது என்கிற நினைப்பே போதும் என்று தெரிகிறது. அதற்கும் முன்னால், 1968-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், பச்சை விழுந்த பிறகும் நகராமல் ஒரு காரை நிறுத்திவைத்தார்கள். விலை உயர்ந்த புது கார் மறித்தபோது பின்னால் இருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள், பழைய மலிவான கார் மறித்தபோது சீக்கிரமே ஹாரனில் கை வைத்தார்கள். சாலையில் பலருடைய கணக்கில் சைக்கிள் அந்தப் பழைய காருக்கும் கீழே.

2019-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் கசப்பானது. 442 பேரிடம், சைக்கிள் ஓட்டிகளை முழு மனிதர்களாக நினைக்கிறீர்களா என்பதைப் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முழு மதிப்பெண் கொடுக்கவில்லை. வேண்டுமென்றே காரால் ஒரு சைக்கிளை மறித்திருக்கிறேன் என்று 17 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள், வேண்டுமென்றே நெருக்கி ஓட்டியிருக்கிறேன் என்று 11 சதவீதம் பேர். இது அவர்களே வாயால் சொன்ன கணக்கு. அப்படி நினைப்பதால்தான் நெருக்குகிறார்கள் என்று இந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன, அவ்வளவுதான். ஆனாலும் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த டிரைவர் உங்களிடம் நடந்துகொண்ட விதத்துக்கும் நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் உங்களைப் பார்க்கவே இல்லை. தன் வழியில் நிற்கும் ஒரு சைக்கிளைத்தான் பார்த்தார்.

இப்போது அந்த ஒரு நிமிடத்துக்கு வருகிறேன். கார் உரசிக்கொண்டு போன கணத்தில் உடம்பு தானாகவே மூன்று காரியம் செய்யப் பார்க்கும்: கத்தும், ஒரு கையைத் தூக்கும், பெடலை அழுத்தித் துரத்தும். முதலாவதைத் தடுப்பது கஷ்டம். கத்தல் பல சமயம் ஹாரன் மாதிரி உபயோகப்படும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற இரண்டையும் பழகினால் அடக்கிவிடலாம். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு கையும் ஹேண்டில்பாரில், கண் சாலையில், பெருமூச்சாக ஒன்றை வெளியே விடுங்கள். மூச்சை இழுக்கச் சொல்லவில்லை, விடத்தான் சொல்கிறேன். பயத்தில் நாம் ஏற்கெனவே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்போம், தோள் இறுகியிருக்கும், தோள் இறுகினால் ஹேண்டில் ஆடும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் தாண்டிவிடும். நீங்கள் கையைத் தூக்கும்போது அந்தக் கார் போயே போய்விட்டது. அதன் பின்னால் வருகிற கார்தான் இப்போது உங்களுக்கு ஆபத்து. ஒற்றைக் கையில் தடுமாறும்போது அதன் முன்னால் விழக் கூடாது.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் வருடம், ஒரு வேன் என்னைச் சுவரோடு நெருக்கியது. அதன் பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். நான் இருப்பதை அவருக்குத் தெரியப்படுத்தத்தான் தட்டினேன், வேறு எண்ணம் இல்லை. ஆனால் காலி வேனின் தகரத்தில் விழும் அடி உள்ளே எப்படிக் கேட்கும் என்பது ஆறு வருடம் வேன் ஓட்டிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடித்துவிட்ட மாதிரி கேட்கும். என் விரலில் இருந்த மோதிரம் பெயின்ட்டில் ஒரு கீறலும் போட்டிருந்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, முதலில் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது. நெருக்கப்பட்டவன் நான்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து சுற்றி நின்றவர்கள் கண்ணுக்கு, ஒருத்தருடைய வண்டியைச் சேதப்படுத்தியவன் ஆகிவிட்டேன். அன்று அடி விழாமல் போனது வழியில் போன ஒரு பெரியவர் நடுவில் வந்து நின்றதால்தான். எவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் வண்டியைத் தட்டாதீர்கள், கண்ணாடியை மடக்காதீர்கள், எச்சில் துப்பாதீர்கள். பலருக்கு வண்டி அவர்கள் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. அதைத் தொட்டால் அவர்களையே தொட்ட மாதிரிதான் எதிர்வினை வரும்.

அப்புறம் சிக்னல். உங்கள் கதையில் எல்லாம் திரும்பிய இடம் அதுதான். நகரத்தில் கார் எவ்வளவு சீறிப் போனாலும் அடுத்த சிக்னலில் நாம் அதைப் பிடித்துவிடுவோம். சைக்கிளில் போகிற எல்லோருக்கும் இது தெரியும். பிடித்ததும் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்க்கத் தோன்றும். இதை மட்டும் செய்யாதீர்கள். மூன்று நான்கு வண்டிகளுக்குப் பின்னாலேயே நின்றுவிடுங்கள். தண்ணீர் குடியுங்கள். வரிசையோடு வரிசையாக மெதுவாக வாருங்கள். அந்தக் கார் கிளம்பிப் போகட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றது வேறு இடமில்லாததால் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அவருக்கு அது துரத்திக்கொண்டு வந்து நிற்பதாகத்தான் தெரிந்திருக்கும். உங்கள் தரப்பில் மாற்றியிருக்கக்கூடிய ஒரே விஷயம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் தவறு கிடையாது, பழக்கம் இல்லாததுதான்.

சில டிரைவர்கள் உங்களைத் தாண்டிப் போய், முன்னால் சட்டென்று பிரேக் அடிப்பார்கள். இது எவ்வளவு மோசமாக முடியும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் இரண்டு பாடம் இருக்கிறது. 2008 ஜூலை 4 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் மாண்டவில் கேன்யன் சாலையில் ஒரு மருத்துவர், தன்னோடு வாய்த்தகராறு ஆன இரண்டு சைக்கிள் ஓட்டிகளுக்கு முன்னால் காரைக் கொண்டுபோய்ச் சடாரென்று பிரேக் போட்டார். ஒருவர் காரின் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தார், மற்றவர் சாலையில் எறியப்பட்டார். இருவருக்கும் பலத்த காயம். அவர்களுக்குப் பாடம் புகட்டத்தான் நிறுத்தினேன் என்று அந்த மருத்துவர் தன்னிடம் சொன்னதாகப் போலீஸ்காரர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2010 ஜனவரியில் அவருக்கு ஐந்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. முதல் பாடம் நேரடியானது: வம்புக்கு வந்த கார் முன்னால் போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். பெடலை விட்டுவிடுங்கள், இரண்டு பிரேக்கிலும் விரல் இருக்கட்டும், இடைவெளியைப் பெரிதாக்குங்கள். முன்னால் நிறுத்திக் காத்திருந்தால் அதன் ஓரமாக நுழைந்து தாண்டிப் போகவும் கூடாது. கதவைத் திறந்தால் முடிந்தது. நின்று, இறங்கி, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நடைபாதை வழியாக வந்த பக்கமே தள்ளிக்கொண்டு போங்கள். நமக்கு இருக்கும் பெரிய வசதி, கார் திரும்ப முடியாத இடத்தில் நாம் திரும்ப முடியும் என்பது. குறுகிய சந்து, படிக்கட்டு, பூங்கா, ஒருவழிப் பாதைக்கு எதிர்த்திசையில் நடைபாதை, எது கிடைத்தாலும் சரி. இரண்டாவது பாடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

டிரைவர் இறங்கி உங்களை நோக்கி நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேரம் இருந்தால் போய்விடுங்கள். நடந்து வருபவரைவிடச் சைக்கிள் வேகம், அவர் திரும்பக் காருக்குப் போய் ஏறவும் நேரம் ஆகும். போக வழியில்லை என்றால் சைக்கிளிலிருந்து இறங்குங்கள். இரண்டு காலுக்கு நடுவே சைக்கிளை வைத்துக்கொண்டு நிற்பவரை லேசாகத் தள்ளினாலே சைக்கிளோடு விழுந்துவிடுவார். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அவருக்கும் நடுவில் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை சீட்டில், ஒரு கை ஹேண்டில்பாரில். அது வேலி மாதிரி. அவர் சுற்றி வந்தால் நீங்களும் சுற்றி, அதை நடுவிலேயே வைத்திருங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். உள்ளங்கை தெரிகிற மாதிரி கையை வைத்துக்கொள்ளுங்கள், விரலை நீட்டிப் பேசாதீர்கள். பின்னால் போக்குவரத்து ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், பின்வாங்கும்போது ஓடுகிற வண்டிக்கு முன்னால் போய் விழக் கூடாது.

என்ன பேசுவது? முடிந்த மட்டும் குறைவாக. "சரிங்க, யாருக்கும் அடிபடல, நீங்க கிளம்புங்க." இவ்வளவுதான் நான் சொல்வது. மெதுவாக, தாழ்ந்த குரலில், தேவைப்பட்டால் அதையே மூன்று தடவை. சட்டத்தை எடுத்துச் சொல்லாதீர்கள், எவ்வளவு இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று பாடம் நடத்தாதீர்கள். கோபத்தில் இருப்பவருக்கு விளக்கம் எதுவும் ஏறாது, எதிர்த்துப் பேசுவதாக மட்டும்தான் கேட்கும். "லைசென்ஸ் எங்கே வாங்கினீங்க" மாதிரி கேள்வி எல்லாம் அடிக்குக் கூப்பிடுகிற கேள்வி. மன்னிப்புக் கேட்கலாமா என்றால், வெறும் வாய்த்தகராறாக இருந்தால் "பயத்தில் கத்திட்டேங்க" என்று ஒரு வார்த்தை சொல்வது பல நேரம் காற்றைப் பிடுங்கிவிடும். அது பொய்யும் இல்லை. ஆனால் மோதல் நடந்து சேதமோ காயமோ ஆகியிருந்தால், தவறு யாருடையது என்று அந்த இடத்தில் பேசவே பேசாதீர்கள். அதைப் பிறகு விசாரிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டம் இருந்தால் ஒருவரைக் குறிப்பாகப் பார்த்து, "அண்ணே, நீல சட்டை போட்டவரே, கொஞ்சம் பக்கத்தில் வந்து நில்லுங்க" என்று கூப்பிடுங்கள். பொதுவாக "யாராவது உதவி பண்ணுங்க" என்றால் ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள்.

உங்கள் ஹேண்டில்பாரை அவர் பிடித்து உலுக்கினார், நீங்கள் இழுக்கவில்லை. இது மிக நல்ல காரியம். பதிலுக்கு இழுத்திருந்தால் அது கைகலப்பாகியிருக்கும். சைக்கிளுக்காக இழுபறி பண்ணாதீர்கள். நிலைமை முற்றினால் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுப் பின்வாங்கிப் போகலாம். அவர் காரின் சாவியைப் பிடுங்குவது, கதவைப் பிடித்துக்கொள்வது, பானெட்டுக்கு முன்னால் மறித்து நிற்பது இதெல்லாம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். 2009 ஆகஸ்டில் டொரன்டோவில் தகராறின் நடுவே காரைப் பற்றிக்கொண்ட சைக்கிள் ஓட்டி ஒருவர், கார் நகர்ந்தபோது அதோடு போய் அடிபட்டு இறந்தார். ஓட்டியவர் மீது போட்ட வழக்கு அடுத்த வருடமே திரும்பப் பெறப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை நான் பேச வரவில்லை. ஒன்றேகால் டன் எடையுள்ள பொருளைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது, அவ்வளவுதான். மிளகுத் தூள் ஸ்பிரே மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம், திறந்த வெளியில் காற்று திரும்பினால் உங்கள் கண்ணிலேயே படும், எல்லாவற்றுக்கும் மேலாக அதை எடுக்கிற கையைப் பார்த்ததும் எதிரில் இருப்பவர் ஆயுதமாகத்தான் நினைப்பார். நான் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

போனை எடுத்து வீடியோ எடுப்பதில் எனக்கே இரண்டு மனம். சிலர் கேமராவைப் பார்த்ததும் அடங்கி வண்டியில் ஏறிவிடுகிறார்கள். சிலர் அதைப் பார்த்ததும்தான் கையை ஓங்குகிறார்கள். என்னிடம் வந்து சொன்னவர்களில் இரண்டு விதமும் உண்டு. தனியாக இருந்தால், அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஹேண்டில்பாரிலோ ஹெல்மெட்டிலோ தானாக ஓடிக்கொண்டிருக்கும் கேமரா வேறு. அது சண்டையைக் குறைக்கிறதா என்பது சந்தேகம்தான், ஆனால் பிறகு புகார் கொடுக்கும்போது பயன்படுகிறது. இங்கிலாந்தில் மேற்கு மிட்லண்ட்ஸ் காவல்துறை 2016-ல் சாதாரண உடையில் போலீஸ்காரர்களையே சைக்கிளில் அனுப்பி, நெருக்கிக் கடந்தவர்களை நிறுத்தி, எவ்வளவு இடம் விட வேண்டும் என்று காட்டிப் புரியவைத்தது. வேறு பல காவல்துறைகளும் அதைப் பின்பற்றின. இந்த வேலை பாதிக்கப்பட்டவர் தலையில் விழக் கூடாது, இப்படித்தான் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சுமை இருக்கிறது, அதை நான் முழுக்க அறிந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என்னிடம் படித்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவரை, ஒரு கார் இரண்டு தெரு தாண்டியும் மெதுவாகப் பின்தொடர்ந்திருக்கிறது. அவர் வீட்டுக்குத் திரும்பும் முனையைத் தாண்டி நேராகப் போய், வெளிச்சமும் ஆட்களும் இருந்த மருந்துக்கடைக்குள் சைக்கிளோடு ஏறிவிட்டார். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு மகனை வரச்சொல்லி வேறு வழியாகப் போனார். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவராகவே செய்தது. இப்போது அதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன்: பின்தொடர்ந்தால் வீட்டையும் வேலையிடத்தையும் காட்டிக்கொடுக்காதீர்கள், மனிதர்கள் இருக்கும் இடத்துக்குள் போங்கள், உடனே அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

இப்படிப்பட்ட தகராறே வராமல் ஓட்ட முடியுமா என்றால், முழுக்க முடியாது, குறைக்கலாம். அதில் நான் உறுதியாக நம்புவது சாலையில் நாம் ஓட்டும் இடத்தை. புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தில் சாலையின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு போவார்கள். குறுகிய சாலையில் அப்படிப் போனால், தாராளமாக இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பின்னால் வருபவர் அதே லேனில் நுழைந்துவிடுவார். விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி, நேர்க்கோட்டில் ஓட்டினால், கடப்பதற்கு அடுத்த லேனுக்குப் போயாக வேண்டும் என்பது அவருக்குத் தூரத்திலேயே தெரியும். நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திறந்தாலும் தப்பலாம். பிரிட்டன் 2022 ஜனவரியில் தன் சாலை விதி நூலைத் திருத்தியபோது, மெதுவான போக்குவரத்திலும் சந்திப்புகளை நெருங்கும்போதும் லேனின் நடுவிலேயே ஓட்டலாம் என்று சேர்த்தது. கடக்கும் கார் 1.5 மீட்டராவது விட வேண்டும் என்றும் சொன்னது. ஜெர்மனி 2020-லிருந்து ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று விதியாகவே வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் இந்த அளவு என்ன என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், டிரைவரிடம் வாதாட வேண்டாம், புகாரில் எழுத உதவும். இதில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஓட்டினால் உரசல் குறைகிறது, ஆனால் ஹாரனும் எரிச்சலும் கூடுகின்றன. எனக்கு ஹாரன் பரவாயில்லை, உரசல்தான் பயம். அதனால் நடுவைத் தேர்ந்தெடுக்கிறேன். அகலமான இடம் வந்ததும் ஓரமாக ஒதுங்கி, பின்னால் சேர்ந்த வண்டிகளுக்குக் கையால் வழிகாட்டி அனுப்பிவிடுவேன். அந்த ஒரு கை அசைவுக்கு எத்தனை பேர் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதை நீங்களே செய்து பாருங்கள்.

உடை, ஹெல்மெட் பற்றி இணையத்தில் அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் இயன் வாக்கர் 2006-ல் தன் சைக்கிளில் அளவுக் கருவி பொருத்தி ஓட்டிப் பார்த்தார். ஹெல்மெட் போட்டபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருக்கமாகக் கடந்தன என்று வந்தது. அதே கணக்கை 2013-ல் வேறு இருவர் திரும்பப் போட்டுப் பார்த்து, ஒரு மீட்டருக்கும் குறைவான ஆபத்தான நெருக்கத்தில் ஹெல்மெட்டால் வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆகவே இதை வைத்து ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள். வாக்கரே பிறகு ஏழு விதமான உடைகளில் சோதித்தார். போலீஸ் என்ற சொல்லும் வீடியோ பதிவாகிறது என்ற செய்தியும் இருந்த மேலங்கிக்குத்தான் கூடுதல் இடம் கிடைத்தது. எதைப் போட்டாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு வண்டிகள் அரை மீட்டருக்குள் உரசிக்கொண்டுதான் போயின. உங்களை நெருக்கிய கார் அந்த ஒன்றிரண்டில் ஒன்று. நீங்கள் என்ன போட்டிருந்தாலும் அது வந்திருக்கும்.

இனி உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். இப்படி ஒன்று நடந்த பிறகு கை நடுங்குவது, நாக்கு வறண்டு போவது, இரவில் திரும்பத் திரும்ப அதே காட்சி ஓடுவது, மனசுக்குள் அவரிடம் சுடச்சுடப் பதில் சொல்வது, எல்லாம் எனக்கும் நடந்திருக்கிறது, என்னிடம் வருகிற திடகாத்திரமான ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிட்டு இரண்டும் செய்யாமல் நின்றதன் மிச்சம் அது. சம்பவம் முடிந்த உடனே சைக்கிளில் ஏறி ஓட்டாமல், கால்மணி நேரமாவது ஓரமாக உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவது நல்லது, அந்த நிலையில் சிக்னல்கூடக் கண்ணில் படாது. யாரிடமாவது முழுசாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். சில வாரம் ஆகியும் தூக்கம் திரும்பவில்லை, அந்தச் சாலையை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள், அது என் வேலையின் எல்லைக்கு வெளியே. அப்படி இல்லை என்றால், போக்குவரத்து குறைவான ஒரு விடுமுறைநாள் காலையில் நண்பர் ஒருவரோடு அதே சிக்னலுக்குப் போய், இரண்டு மூன்று தடவை கடந்துவிட்டு வாருங்கள். தனியாக அலுவலக நேரத்தில் திரும்பப் போவதற்கு முன்னால் இதைச் செய்தவர்களுக்குப் பயம் சீக்கிரம் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் வழக்கின் இரண்டாவது பாடத்தைச் சொல்கிறேன் என்றேன். அந்த மருத்துவர் நான்கு மாதம் முன்பு, மார்ச்சில், வேறு இரண்டு சைக்கிள் ஓட்டிகளிடமும் இதே மாதிரி நடந்துகொண்டிருக்கிறார். அவர்களுக்குப் பெரிய காயம் இல்லை. ஆனாலும் அப்போதே போய்ப் புகார் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அதனால் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. ஜூலையில் இரண்டு பேர் ரத்தத்தில் கிடந்தபோது, தற்செயலாக நடந்தது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டதை உடைத்ததில் அந்தப் பழைய இருவரின் சாட்சியத்துக்கும் பங்கு உண்டு. உங்கள் புகாரை வாங்குபவர் சலித்துக்கொள்ளலாம், அடி எதுவும் படவில்லையே என்று கேட்கலாம். ஹேண்டில்பாரைப் பிடித்து உலுக்கியதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அது வெறும் திட்டு இல்லை. பதிவு எண்ணோ ரசீதோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கார் வெள்ளை நிறம், நம்பர் பிளேட்டின் கடைசி மூன்று எண்கள் மட்டும் நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் ஒரு வாரத்தில் அதுவும் மங்கிவிடும். இதை வாசித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து அந்த எண்களை எழுதுங்கள். தேதி, நேரம், எந்தச் சிக்னல், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், அவர் என்ன உடை போட்டிருந்தார், என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் இன்றைய தேதியையும் போட்டு, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.